சிகிச்சையும் பணிவிடையும்: ஸ்பெயினிலிருந்து நாடு திரும்பும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள்

ஸ்பெயினின் கிழக்குக் கரையிலுள்ள அலிகாந்தே மாகாணமும் தெற்குக் கரையிலுள்ள மாலகா மாகாணமும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள் பெருமளவில் குடியேறிய இடங்கள். முதல் கரைக்குக் கோஸ்டா பிளாங்கா என்றும் இரண்டாவதற்குக் கோஸ்டா டெல் சோல் என்றும் பெயர். பெனிடோர்ம், டொர்ரெவியெஹா, ஹாவேயா, ஃபுவென்கிரோலா, மிஹாஸ் ஆகிய ஊர்களில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டே இருபது ஆண்டு வாழ்ந்துவிட முடியும். சான் ஃபுல்ஹென்சியோ போன்ற சிறு ஊர்களில் வெளிநாட்டவர் தொகை உள்ளூர்க்காரர் தொகையை மிஞ்சிவிட்டது. ஸ்பெயினில் முறையாகப் பதிந்துள்ள பிரிட்டிஷார் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

இவர்களில் ஒரு பகுதியினர் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் வீட்டை விற்றுவிட்டு நாடு திரும்புகிறார்கள். வெயில் அலுத்துவிட்டது, பேரப்பிள்ளைகள் நினைவு வாட்டுகிறது, பவுண்டு சரிந்துவிட்டது, பிரெக்ஸிட் வந்துவிட்டது என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மையே. ஆனாலும் புறப்படும் ஆண்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேறொன்று. முதுமையில் மனிதருக்கு இரண்டு வகை உதவி வேண்டியிருக்கிறது. மருத்துவர் செய்யும் சிகிச்சை ஒன்று. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, இரவில் கழிப்பறைவரை கைத்தாங்கலாக அழைத்துப் போவது ஆகிய பணிவிடை மற்றொன்று. சிகிச்சைக்கு இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுப் பொறுப்பேற்றன. பணிவிடைக்கு எந்த ஒப்பந்தத்திலும் அப்படியோர் ஏற்பாடு இல்லை.

குடியேற்றம்

1950களின் இறுதியில் சார்ட்டர் விமானங்களும் விடுமுறைப் பொதிச் சுற்றுலாக்களும் பிரிட்டிஷ் தொழிலாளர் குடும்பங்களை முதன்முதலாக மத்தியதரைக் கரைக்குக் கொண்டுவந்தன. பிராங்கோ ஆட்சி 1959இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் மீனவர் ஊர்களில் பலமாடி ஓட்டல்கள் எழுந்தன. ஆண்டுக்கு இரண்டு வாரம் வந்துபோனவர்களே ஓய்வுபெற்றபின் அங்கேயே தங்கத் தலைப்பட்டார்கள். பார்க்காத ஊருக்குப் போய்க் குடியேறியவர்கள் சிலரே. விடுமுறையில் பழகிய கரையையே பலரும் தேர்ந்துகொண்டார்கள்.

சட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வழிவிட்டன. 1979 அக்டோபரில் மார்கரெட் தாட்சர் அரசு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை நீக்கியது. வெளிநாட்டில் வீடு வாங்கப் பணம் அனுப்புவதற்கு இருந்த தடை அதோடு போயிற்று. 1986 ஜனவரி 1 அன்று ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. வேலை செய்யாத ஓய்வூதியரும் மருத்துவக் காப்பும் போதிய வருமானமும் இருந்தால் உறுப்பு நாடு எதிலும் குடியிருக்கலாம் என்ற ஆணை 1990இல் வந்தது. லண்டனின் புறநகரிலோ பர்மிங்ஹாமிலோ இருந்த சிறிய வீட்டை விற்ற பணத்தில் கடற்கரையில் நீச்சல்குளத்தோடு வீடு வாங்கியது போக வங்கியிலும் கொஞ்சம் போட்டுவைக்க முடிந்தது. 1992இல் பி.பி.சி. இந்த வாழ்வை வைத்து ‘எல்டொராடோ’ என்று ஒரு தொடர் நாடகமே எடுத்தது. பார்ப்பாரின்றி ஓராண்டில் அது நின்றுபோனது. ஆனால் குடியேற்றத்தின் வேகம் குறையவில்லை.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி எஸ்1 என்ற படிவம் (முன்பு அதற்கு ஈ121 என்று பெயர்). பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் பெறுபவர் அதை ஸ்பெயின் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் உள்ளூர் மக்களைப் போலவே சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் போகலாம். செலவை பிரிட்டன் ஏற்றுக்கொள்ளும். ஓய்வூதியமும் ஆண்டுதோறும் பிரிட்டனில் உயர்வதுபோலவே உயரும். இடுப்பெலும்பு மாற்று அறுவை, கண்புரை அறுவை, இதயச் சிகிச்சை எல்லாம் இப்படி நடந்தேறின. ஸ்பெயின் மருத்துவர்களைப் பற்றி அங்கு வாழ்ந்த பிரிட்டிஷார் குறைசொல்வது அரிது. தங்கள் நாட்டில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததை ஒப்பிட்டு அவர்களைப் பாராட்டுவதே வழக்கம்.

கரையோரச் சமூகத்தை ஆராய்ந்த கேரன் ஓ’ரெய்லி, ரஸ்ஸல் கிங், டோனி வார்ன்ஸ், ஆலன் வில்லியம்ஸ் ஆகியோரின் நூல்கள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவர்கள் காட்டிய வாழ்வு அறுபதுகளில் இருப்போரின் வாழ்வு: காலையில் பௌல்ஸ் ஆட்டம், மதியம் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் விருந்து, மாலையில் தொண்டு அமைப்பின் கடையில் சில மணி நேரம். ஆங்கில வார இதழ்களும் வானொலியும் உண்டு. ஸ்பானிஷ் வகுப்பில் சேர்பவர்கள் அநேகர். வணக்கம் சொல்லி, விலை கேட்டு, காப்பி வாங்கத் தெரிந்த அளவில் நின்றுவிடுபவர்களும் அநேகர். அந்த வயதுக்கு அது போதுமாகவும் இருந்தது. பிரிட்டனின் மழையையும் குற்றங்களையும் விலைவாசியையும் ஏசுவது அங்கே பேச்சின் ஒரு பகுதி. இப்படிப் பேசிப் பழகிய கூட்டத்தில் திரும்பிப் போகிறேன் என்று ஒருவர் சொல்வது தோல்வியை ஒத்துக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது. முடிவைக் கடைசிவரை வெளியில் சொல்லாமல் வைத்திருந்து, வீட்டில் விற்பனைப் பலகை தொங்கியபின் நண்பர்கள் தெரிந்துகொள்வது வழக்கமாயிருந்ததற்கு இதுவே காரணம்.

கணக்கு மாறிய ஆண்டுகள்

பணக் காரணங்களை முதலில் பார்த்துவிடலாம். ஓய்வூதியம் பவுண்டில் வருகிறது. அரிசி பருப்பு முதல் மின்கட்டணம்வரை செலவு யூரோவில் நடக்கிறது. 2007 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூரோ கிடைத்தது. 2008 டிசம்பர் இறுதியில் அது 1.02 யூரோ அளவுக்கு இறங்கிற்று. மாதம் 800 பவுண்டு வாங்கிய ஒருவர் கையில் 1,200 யூரோ புழங்கிய இடத்தில் சுமார் 820 யூரோவே மிஞ்சியது. அதே ஆண்டில் ஸ்பெயினின் வீட்டுச் சந்தையும் உடைந்தது. விற்றுவிட்டுப் போக நினைத்தவர்களுக்கு வாங்குவோர் இல்லை. பிரிட்டனிலோ அவர்கள் விட்டுவந்த தெருவில் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. ஆக, திரும்பிப் போகும் ஆசையைத் தூண்டிய அதே நெருக்கடி திரும்பும் வழியையும் அடைத்துவிட்டது.

வீடே சட்டச்சிக்கலில் மாட்டியவர்கள் நிலை இன்னும் மோசம். அந்தலூசியாவில், குறிப்பாக அல்மெரியா மாகாணத்தின் அல்மான்சோரா பள்ளத்தாக்கில், விவசாய நிலத்தில் விதிமீறிக் கட்டப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் வெளிநாட்டவருக்கு விற்கப்பட்டிருந்தன. 2008 ஜனவரியில் வேரா என்ற ஊரில், உள்ளூர் நகர்மன்றம் அனுமதி கொடுத்திருந்த ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீட்டை மாநில அரசு இடித்துத் தள்ளியது. அந்தக் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியபின் உள்நாட்டுப் பகுதி வீடுகளை விலைக்குக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

அடுத்தடுத்து வேறு அடிகளும் விழுந்தன. 50,000 யூரோவுக்கு மேற்பட்ட வெளிநாட்டுச் சொத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 2012இல் ஸ்பெயின் கொண்டுவந்த ‘மாதிரி 720’ படிவமும் அதைச் சேர்ந்த கடும் அபராதமும் சேமிப்பு வைத்திருந்தவர்களைக் கலங்கடித்தன. அந்த அபராதம் அளவுமீறியது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளிப்பதற்குள் பத்தாண்டு ஓடிவிட்டது. பிரிட்டன் தந்துவந்த குளிர்கால எரிபொருள் உதவித்தொகை, இங்கிலாந்தின் தென்மேற்கைவிட ஸ்பெயினில் குளிர் குறைவு என்ற கணக்கில் 2015 முதல் நின்றது. சராசரி வெப்பத்தை வைத்துப் போட்ட அந்தக் கணக்கு, வெப்ப ஏற்பாடே இல்லாமல் தளக்கல் பதித்துக் கட்டிய ஸ்பெயின் வீடுகளில் ஜனவரி மாதத்தைக் கழித்தவர்களுக்குக் கசந்தது.

2012இல் ஸ்பெயினின் நகர்மன்றப் பதிவேடுகளில் 4 லட்சத்தை நெருங்கியிருந்த பிரிட்டிஷார் எண்ணிக்கை, 2016இல் சுமார் இரண்டரை லட்சமாக இறங்கியிருந்தது. இந்த வேறுபாடு முழுவதையும் நாடு திரும்பியோர் கணக்கில் எழுதுவது தவறு. முன்பே போய்விட்டவர்களையும் இறந்தவர்களையும் பதிவேட்டிலிருந்து நீக்கும் பணி அந்த ஆண்டுகளில்தான் முறையாக நடந்தது. பதிவே செய்யாமல் வாழ்ந்தவர்களும் நிறைய. யார் எப்போது போனார் என்பதை எந்த ஏடும் துல்லியமாகச் சொல்லாது.

2016 ஜூன் 23 அன்று நடந்த பிரெக்ஸிட் பொதுவாக்கெடுப்பு வேறு வகைக் கலக்கம். பதினைந்து ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதில் வாக்குரிமை இல்லை. தங்கள் வாழ்விடத்தைப் பற்றிய முடிவில் அவர்களுக்குப் பங்கில்லாமல் போனது. இத்தாலியில் வாழ்ந்த உலகப்போர் வீரர் ஹாரி ஷிண்ட்லர் இதை எதிர்த்துப் பல ஆண்டு போராடினார். அந்த வரம்பு 2024 ஜனவரியில் நீங்கியபோது அவர் உயிரோடு இல்லை. விலகல் ஒப்பந்தம், 2020 முடிவதற்குள் முறையாகக் குடியிருந்தவர்களின் வசிப்புரிமையையும் எஸ்1 உரிமையையும் ஓய்வூதிய உயர்வையும் காப்பாற்றிவிட்டது. அடிபட்டவர்கள், பதியாமல் குளிர்காலத்தை ஸ்பெயினிலும் கோடையைப் பிரிட்டனிலுமாகக் கழித்தவர்கள். 180 நாளில் 90 நாளே தங்கலாம் என்ற விதி அந்தப் பறவை வாழ்க்கையை முடித்துவைத்தது.

எண்பது வயது

முதுமை ஆய்வாளர்கள் ஓய்வுக்குப் பின்வரும் காலத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: உடல் தெம்பாக இருக்கும் பகுதி, பிறர் கையை நம்பியிருக்கும் பகுதி. ஸ்பெயின் குடியேற்றத்தில் வீடு, சாலை, நட்பு, மொழி எல்லாமே முதல் பகுதியை மனத்தில் வைத்து அமைந்தவை. மலைச்சரிவில் கடல் தெரியும்படி கட்டிய வீட்டுக்குப் படி நாற்பது. குடியிருப்பு வளாகங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பேருந்து கிடையாது. மருந்துக்கடைக்குப் போகவும் கார் வேண்டும்.

கார் ஓட்ட முடியாமற்போவது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை 2022 காட்டியது. ஓட்டுநர் உரிமங்களைப் பரஸ்பரம் ஏற்பது பற்றி இரு அரசுகளும் உடன்பாட்டுக்கு வராததால், ஸ்பெயினில் வசித்த பிரிட்டிஷாரின் உரிமங்கள் அந்த ஆண்டு மே 1 முதல் செல்லாமல் போயின. 2023 மார்ச் 16 வரை நிலைமை அப்படியே நீடித்தது. உரிமத்தை முன்கூட்டி மாற்றிக்கொள்ளாதவர்கள் பத்தரை மாதம் காரை முற்றத்தில் நிறுத்திவைத்துவிட்டு அண்டை வீட்டாரையும் டாக்ஸியையும் நம்பியிருந்தார்கள். பார்வை மங்கியபின் நிரந்தரமாக வரப்போகும் நிலைமைக்கு அது ஓர் ஒத்திகை. அதை அனுபவித்தபின் வீட்டை விலை பேசியவர்கள் உண்டு.

மருத்துவமனையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஸ்பெயினின் பொது மருத்துவமனை அறைகளில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்ந்து படுக்கக்கூடிய நாற்காலி ஒன்று போட்டிருக்கும். அது துணைக்கு இருப்பவருக்கு. தாதியர் மருந்து கொடுப்பார்கள், கட்டு மாற்றுவார்கள். சாப்பாடு ஊட்டுவதிலும் உடம்பு துடைப்பதிலும் இரவில் தண்ணீர் கொடுப்பதிலும் குடும்பத்தார் பங்கெடுப்பார்கள் என்பது எழுதாத விதி. மகளோ மருமகளோ பேரனோ முறைவைத்து அந்த நாற்காலியில் இரவைக் கழிப்பார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் கட்டிலுக்கடியில் பாய்விரித்துப் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனிலிருந்து வந்தவருக்கு இது புதிது. அங்கே பார்வையாளர் நேரம் முடிந்ததும் உறவினர் வெளியேற வேண்டும், மற்றதெல்லாம் மருத்துவமனையின் வேலை. எண்பத்திரண்டு வயதுக் கணவருக்குப் பக்கவாதம் வந்தால் அந்த நாற்காலியில் உட்காரவேண்டியவர் எழுபத்தொன்பது வயது மனைவி. அவருக்கு முதுகுவலி, கார் ஓட்டத் தெரியாது, தாதி சொல்வது பாதி புரியவில்லை. பிள்ளைகள் லீட்ஸிலும் பிரிஸ்டலிலும் இருக்கிறார்கள். வரலாம், ஒரு வாரம் தங்கலாம், பிறகு வேலைக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்னும் இதே கதை தொடர்கிறது. பிறர் உதவியில் வாழ்வோருக்கான சட்டம் ஒன்றை ஸ்பெயின் 2006இல் இயற்றியது. ஐந்தாண்டு வசித்தவர் எவரும் மதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். சார்புநிலையை மூன்று படிகளாகப் பிரித்து உதவி தரப்படும். நல்ல சட்டம். ஆனால் 2008 நெருக்கடியில் அதற்கான நிதி வெட்டப்பட்டு, காத்திருப்போர் வரிசை மாதங்களைத் தாண்டி ஆண்டுகளுக்கு நீண்டது. நடைமுறையில் ஸ்பெயின் குடும்பங்கள் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த பெண்களை வீட்டோடு வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன. அந்த வழியில் போக மொழியும் வேண்டும், மாதாமாதம் சம்பளம் கொடுக்கப் பணமும் வேண்டும். முதுமை இல்லங்களில் ஆங்கிலம் பேசும் ஊழியர்கள் அரிது. மறதிநோய் கண்டவர்கள் பிற்பாடு கற்ற மொழியை முதலில் இழந்துவிடுகிறார்கள் என்பதால் அரைகுறையாகத் தெரிந்த ஸ்பானிஷும் துணைக்கு வராது.

துணை இறந்தபின் தனித்துப் போகிறவர்களே திரும்புவோரில் கணிசமானோர். ஸ்பெயினில் அடக்கம் ஓரிரு நாளுக்குள் முடிந்துவிடும். பிரிட்டனிலோ இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வது சாதாரணம். பிள்ளைகள் விமானச் சீட்டு எடுத்து வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருப்பது பலருக்கு நேர்ந்திருக்கிறது. கல்லறைச் சுவரில் உடலை வைக்கும் மாடம்கூடச் சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுப்பதே; தவணை முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, வரி எல்லாம் கணவர் பெயரில் இருந்து, அவரே எல்லாவற்றையும் கவனித்தும் வந்திருந்தால், கைம்பெண்ணுக்குத் துக்கத்தோடு நோட்டரி அலுவலகமும் சேர்ந்துகொள்கிறது. ஏஜ் கன்சர்ன் எஸ்பானியா, ராயல் பிரிட்டிஷ் லீஜன் போன்ற தொண்டு அமைப்புகளின் உதவியை நாடி வந்தோரில் இந்த நிலையில் இருந்தவர்கள் மிகுதி.

பணிவிடை என்ற ஒன்றுக்காகவே ஒருவர் நாடு கடந்து அழைத்துச் செல்லப்பட்டதற்குப் புகழ்பெற்ற சான்று எழுத்தாளர் ஜெரால்டு பிரெனன். 1894இல் பிறந்தவர், முதல் உலகப்போர் முடிந்ததும் 1919இல் ஸ்பெயினுக்கு வந்து அல்புஹாரா மலையின் யெஹென் சிற்றூரில் புத்தக மூட்டைகளோடு குடியேறினார். உள்நாட்டுப் போரில் வெளியேறி, 1953இல் மீண்டும் வந்து மாலகா பக்கம் வாழ்ந்தார். அமெரிக்கக் கவிஞரான மனைவி கமேல் வூல்ஸி 1968இல் இறந்தார். 1984இல், தொண்ணூறு வயதில், கவனித்துக்கொள்ள ஆளில்லை என்ற நிலை வந்தபோது பிரெனனை லண்டனின் பின்னர் (Pinner) என்ற பகுதியிலிருந்த ஒரு முதுமை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஸ்பெயின் பத்திரிகைகள் இதைப் பெரிய விஷயமாக்கின. தங்கள் நாட்டைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவரை அநாதையாக விடுவதா என்று கேட்டன. சில வாரங்களுக்குள் அந்தலூசிய அதிகாரிகள் லண்டனுக்குப் போய் அவரை அலௌரின் எல் கிராந்தேயிலுள்ள அவர் வீட்டுக்கே அழைத்துவந்து, அரசுச் செலவில் தாதியரை அமர்த்தினார்கள். 1987 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். தம் உடலை மாலகா மருத்துவக் கல்லூரிக்கு அவர் எழுதிவைத்திருந்தார். அதை அறுத்துப் பார்க்க மனமின்றி மருந்தில் இட்டுப் பதினான்கு ஆண்டு வைத்திருந்து, 2001இல்தான் எரியூட்டி மனைவி பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். தாதிக்கு ஏற்பாடானதும் அவர் நாடு திரும்புவதற்கான காரணமே இல்லாமல் போனது. பிரெனன் புகழ்பெற்றவர் என்பதால் அது நடந்தது. ஃபுவென்கிரோலாவில் இருக்கும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருக்காக எந்த அரசும் விமானம் ஏறாது.

முடிவெடுத்தல்

திரும்பியவர்களைப் பற்றிய ஆய்வுகள் குடியேறியவர்களைப் பற்றியவற்றைவிடக் குறைவு. அவற்றில் குறிப்பிடத்தக்கது சார்ல்ஸ் பெட்டியின் பணி. கோஸ்டா டெல் சோலில் தாமே பல ஆண்டு வாழ்ந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர் அவர். வயதான பிரிட்டிஷார் ஏன் திரும்புகிறார்கள் என்பதையே பொருளாகக் கொண்டு நார்த்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து 2018இல், 95 வயதில், பட்டம் பெற்றார். கெல்லி ஹால், ஜோர்டி ஜினெர் ஆகியோருடன் அவர் இதே பொருளில் எழுதியும் இருக்கிறார்.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. முடிவு ஒரே நாளில் எடுக்கப்படுவதில்லை. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் எடுப்பதும் குறைவு. பேரப்பிள்ளை பிறந்ததும் ஒருவர் மனம் இங்கிலாந்துப் பக்கம் சாய்கிறது. மற்றவர் தோட்டத்தையும் வெயிலையும் விட மறுக்கிறார். விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. இதற்கிடையில் பக்கத்து வீட்டு நண்பர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள், அல்லது இறக்கிறார்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் மொழிபெயர்த்துச் சொல்லவும் இருந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு விழுகை, ஒரு மயக்கம், ஓர் அறுவை சிகிச்சை நேரும்போது அதுவரை இழுபட்ட விவாதம் ஒரு வாரத்தில் முடிகிறது. அப்போது அவசரமாக விற்கும் வீட்டுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை. தெம்பு இருக்கும்போதே திரும்பியவர்கள் ஊரையும் வீட்டையும் தேர்ந்தெடுத்தார்கள். நோய் வந்தபின் திரும்பியவர்கள் பிள்ளைகள் கைகாட்டிய இடத்துக்குப் போனார்கள்.

புறப்பாடு

வீட்டை எப்போது விற்பது என்பதே முதல் கேள்வி. 65 வயதைக் கடந்து, ஸ்பெயினின் வரி வசிப்பாளராக இருப்பவர் தாம் குடியிருக்கும் வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. முதலில் பிரிட்டனுக்குப் போய் அங்கே வரி வசிப்பாளராகிவிட்டுப் பிறகு விற்றால் கதை மாறுகிறது: வாங்குபவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வரித்துறைக்குக் கட்டிவிடுவார், வரிவிலக்கும் கேள்விக்குறியாகும். விற்ற பணம் யூரோவில் வருவதால் பவுண்டின் விலை அன்றைக்கு என்ன என்பதும் பார்க்க வேண்டும். வீட்டுச் சாமான்களுக்குச் சுங்கவரி விலக்கு வேண்டுமென்றால், குறைந்தது 12 மாதம் வெளிநாட்டில் வசித்ததையும் அந்தப் பொருள்களை ஆறு மாதமாவது பயன்படுத்தியதையும் காட்டிப் பிரிட்டிஷ் வருவாய்த் துறையிடம் முன்கூட்டியே சான்று பெற வேண்டும்.

பலரது பயணத் திட்டத்தை முடிவுசெய்வது நாய். பிரிட்டனுக்குப் பறந்து வரும் பயணிகள் விமான அறையில் வளர்ப்புப் பிராணியைக் கொண்டுவர அனுமதியில்லை. சரக்காகத்தான் அனுப்ப வேண்டும். வயதான நாயை அப்படி அனுப்ப மனம் வராதவர்கள், அலிகாந்தேயிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் காரில் வடக்கே போய் சாந்தாண்டேரிலோ பில்பாவோவிலோ படகேறுகிறார்கள். கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் சில்லு பொருத்தி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, நாடாப்புழு மருந்தைக் கரைசேர்வதற்கு 24 மணி முதல் 120 மணி நேரம் முன்பாகக் கொடுத்துச் சான்றளித்திருக்க வேண்டும். நேரம் தவறினால் நாய் இறங்க முடியாது. எண்பது வயதுத் தம்பதி இவ்வளவு தூரம் காரோட்டி வருவதைப் பிள்ளைகள் விரும்புவதில்லை. மகன் விமானத்தில் வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் உண்டு.

வந்து சேர்ந்தபின்

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்டது. நிலையாகக் குடியிருக்க வந்திறங்கும் குடிமகனுக்கு முதல் நாளிலிருந்தே சிகிச்சை இலவசம். இத்தனை ஆண்டு வெளியே இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. உதவித்தொகைகள் அப்படியல்ல. வருமானம் பார்த்துத் தரும் பென்ஷன் கிரெடிட், வீட்டு வாடகை உதவி ஆகியவற்றுக்கு, வழக்கமான வசிப்பிடம் பிரிட்டன்தான் என்று நிறுவ வேண்டும். 1994இல் வந்த இந்தச் சோதனை பிறநாட்டவரைக் கருதிப் புகுத்தப்பட்டது. நாடு திரும்பிய குடிமக்களும் அதில் சிக்கினார்கள். கவனிப்பு உதவித்தொகைக்குக் கடந்த மூன்றாண்டில் இரண்டாண்டு நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வருவோரில் சிலருக்கு விலக்கு உண்டு. தாய்லாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வருபவருக்கு அந்த விலக்கு இல்லை.

பணிவிடையைத் தேடி வந்தவர் எதிர்கொள்ளும் பெரிய தடை இங்கிலாந்தின் சொத்துச் சோதனை. முதுமை இல்லச் செலவில் உள்ளாட்சி பங்கேற்க வேண்டுமானால் கையிருப்பு 23,250 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். 2010 முதல் இந்த வரம்பு உயரவேயில்லை. ஸ்பெயின் வீட்டை விற்ற பணத்தோடு வருபவர் அதைத் தாண்டியே இருப்பார். பணம் கரைந்து வரம்புக்குள் வரும்வரை முழுச் செலவும் அவருடையது. ஸ்காட்லாந்தில் நேரடிப் பணிவிடை 2002 முதல் இலவசம். எனவே பிள்ளை எடின்பரோவில் இருக்கிறாரா நியூகாஸிலில் இருக்கிறாரா என்பது பல ஆயிரம் பவுண்டு வித்தியாசத்தை உண்டாக்கும். துணைவர் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவராயின் குடும்ப விசாவுக்கு 2024 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும். ஐரோப்பியத் துணைவரோடு எளிதாகத் திரும்பும் பழைய வழி 2022 மார்ச் 29 அன்று மூடப்பட்டது.

ஐரோப்பாவுக்கு வெளியே போனவர்களுக்குத் திரும்புவதன் கணக்கு வேறு. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் வாழ்வோரின் பிரிட்டிஷ் ஓய்வூதியம் முதன்முதலில் கிடைத்த தொகையிலேயே உறைந்து நிற்கிறது. 2001இல் வாரம் 72.50 பவுண்டு அடிப்படை ஓய்வூதியத்தோடு டொரான்டோவில் ஓய்வுபெற்றவருக்கு இன்றும் அதே தொகைதான்; பிரிட்டனில் அது 2025இல் 176.45 பவுண்டு. இதை எதிர்த்த வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் தள்ளுபடி செய்தது. இந்தியாவும் இலங்கையும் இதே பட்டியலில் இருப்பதால், பிரிட்டனில் உழைத்துவிட்டுச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பிய தமிழர்களின் ஓய்வூதியமும் இப்படி உறைந்ததே. பிரிட்டனில் மீண்டும் குடியேறினால் தொகை அன்றைய அளவுக்கு உயர்கிறது. உடல் தேறாத வயதில் டொரான்டோவை விட்டுப் புறப்பட இந்த ஒரு காரணம் சிலருக்குப் போதுமாக இருக்கிறது.

திரும்பியவர்களில் மனநிறைவோடு இருப்பவர்களும் வருந்துபவர்களும் உண்டு. விட்டுப்போன தெரு இல்லை, பழகியவர்கள் இல்லை. மகள் வீட்டுக்கு அருகில் வந்தாலும் மகள் வேலைக்குப் போகிறாள், பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிய மாலைகளுக்குப் பதில் சூடேற்றிய அறையும் தொலைக்காட்சியும். மறுபடி ஸ்பெயினுக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கால எல்லை இருக்கிறது. விலகல் ஒப்பந்தத்தின்படி நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் தொடர்ந்து ஐந்தாண்டு வெளியே இருந்தால் அந்த உரிமை போய்விடும். அதன்பின் அவர் மற்ற வெளிநாட்டவரைப் போல, வேலை செய்யாதோருக்கான விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 28,800 யூரோ வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும். 2025இல் புதிய முறையின் முழு அரசு ஓய்வூதியம் வாரம் 230.25 பவுண்டு, ஓராண்டுக்குக் கூட்டினால் 12,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதை யூரோவாக மாற்றினால் விசா கேட்கும் தொகையில் ஏறத்தாழ பாதிதான் வரும்.